பெட்டிக்குள் போன முதல் பதிப்பு

சின்னவள் தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. தலையணை, செத்தவருக்கு. அதில் படுப்பவர் யாரும் கழுத்து வலிக்கிறது என்று குறை சொன்னதில்லை. ஆனாலும் பஞ்சு ஒரு பக்கமாகக் குவிய அவள் விடமாட்டாள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

“முதல் பதிப்பு காலி!” என்று பதிப்பாளர் கத்தினார். “ஊர்ல எந்தக் கடையிலயும் ஒரு பிரதி கிடையாது. ரெண்டாம் பதிப்புக்குப் பேப்பர் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நூலக அரங்கத்துல கூட்டம். நீங்க ஒரு அத்தியாயம் படிக்கணும். எதைப் படிக்கிறீங்க?”

“ஒன்பதாவது,” என்றாள் சின்னவள். யோசிக்கக்கூட இல்லை.

முன்பக்கம் நின்று பித்தளைக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன், துணியைக் கீழே போட்டான்.

அது சவப்பெட்டிக் கடை. கீழே கடை, மேலே வீடு. அப்பா ஆரம்பித்தது. அப்பாவே ஒரு பெட்டியில் ஏறிப் போன பிறகு பிள்ளைகள் இருவரும் நடத்துகிறார்கள். அழுதுகொண்டு வருபவர்களிடம் பேசுவது, கல்லறை அலுவலகத்துக்கு அலைவது, வண்டி ஏற்பாடு எல்லாம் அண்ணன் பொறுப்பு. அதற்கென்றே அவனிடம் ஒரு முகம் உண்டு. தலை ஒரு பக்கம் சாயும், கைகள் முன்னால் கோத்துக்கொள்ளும், குரல் கிணற்றுக்குள் இறங்கும். பெட்டிக்குள் மெத்தை வைத்து சாட்டின் துணி தைப்பதும், பத்திரிகைக்கு மறைவுச் செய்தி எழுதுவதும் சின்னவள் வேலை.

அந்த மறைவுச் செய்திதான் அவளைக் கெடுத்தது. தம்பியின் பங்கைச் சுருட்டியவரும் ‘அன்பே உருவானவர்’. பெண்டாட்டியை வருஷக்கணக்கில் அழவைத்தவரும் ‘இல்லறத்தின் இலக்கணம்’. எழுதி எழுதி அவளுக்கு வாயெல்லாம் தித்திப்பு ஏறி, கடைசியில் குமட்டியது. குமட்டியதை நாவலாக எழுதினாள். ‘ஆழ்ந்த மகிழ்ச்சியுடன்’ என்று பெயர் வைத்தாள்.

நாவலில் வருகிறவளும் மறைவுச் செய்தி எழுதுகிறவள்தான். ஒரு நாள் பொழுது போகாமல், உயிரோடு இருக்கும் ஒரு பெரிய மனிதருக்கு முன்கூட்டியே எழுதிப் பார்க்கிறாள். அபாரமாக வந்துவிடுகிறது. இவ்வளவு நல்ல எழுத்து வீணாகலாமா? ஆள் சாகவில்லை என்பது ஒன்றுதான் குறை. அந்தக் குறையை அவளே நிவர்த்தி செய்கிறாள். பிறகு அடுத்தவர். அதற்குப் பிறகு அடுத்தவர். ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு தினுசு, ஒவ்வொன்றிலும் வயிறு வலிக்கச் சிரிப்பு. கடைசிவரை அவள் பிடிபடுவதில்லை, வருந்துவதுமில்லை.

புத்தகம் வந்ததும் ஊர் அதை எப்படிக் கொண்டாடியது என்று கேட்கிறீர்களா? ஒரு விமர்சகர், “படித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்” என்று எழுதினார். பதிப்பாளர் அதையே பின்னட்டையில் போடப்போவதாகச் சொன்னார். பதிப்பாளர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை, ஒரு மேசை, மேசை கொள்ளாத நம்பிக்கை, அவ்வளவுதான். சித்தப்பா போன் செய்து, “எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு, எதையும் எழுதி வச்சிடாதே” என்றார். எதிர்ச்சாரியில் இருக்கும் போட்டிக் கடைக்காரன், தன் கண்ணாடி அலமாரியில் பூவளையங்களுக்கு நடுவே அந்தப் புத்தகத்தை நிறுத்தி வைத்தான். கேட்பவர்களிடம், “அந்தக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதை ஒரு தரம் புரட்டிப் பாருங்க” என்றானாம்.

அண்ணன் மட்டும் நாவலைப் படிக்கவே இல்லை. அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதியில் ‘முதலில் நீ’ என்று எழுதி அவன் மேசையில் வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் அது இருந்தது. மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை. சின்னவளுக்குத்தான் உள்ளே ஏதோ ஆடியது.

இப்போது அவன் துணியைக்கூட எடுக்காமல் அவள் முன்னால் வந்து நின்றான். கடை முகம் இல்லை, வீட்டு முகம்.

“ஒன்பதாவது அத்தியாயம் நம்ம அப்பா சாவாமே? உங்க அண்ணியோட தம்பி படிச்சிட்டுச் சொன்னான்.”

“ஆமா.”

“அன்னிக்கு அப்பா முன்னாடி நின்னு சிரிச்சது பத்தலையா? இப்ப அச்சடிச்சு வேற சிரிக்கணுமா?”

சின்னவள் ஊசியைத் தலையணையில் குத்தி வைத்தாள். பதினோரு வருஷமாக அந்தக் குற்றம் அவள் தலைமேல் இருக்கிறது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி அழுதபோது, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ‘அப்பன் பிணத்துக்கு முன்னால் சிரித்தவள்’ என்ற பட்டம் அதோடு ஒட்டிக்கொண்டது. ஏன் சிரித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நாவலில்தான் சொன்னாள். அதையும் படிக்க வேண்டியவன் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான்.

“ரெண்டாம் பதிப்பை நிறுத்து. கூட்டத்தையும் நிறுத்து,” என்றான் அண்ணன். “இல்லேன்னா நாளையிலேர்ந்து கடைக்கு எறங்காதே. தைக்கிறதுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்.”

“நீ படிச்சிட்டுச் சொல்லு.”

“படிக்க மாட்டேன்.”

“அப்ப நானும் நிறுத்த மாட்டேன். கடைக்கும் எறங்குவேன். என்ன பண்ணுவே?”

அண்ணன் ஒன்றும் பண்ணவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கல்லறை அலுவலகத்துக்குப் போனான். அவன் கோபித்துக்கொண்டால் அங்கேதான் போவான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அவசரமாக ஒரு ஆர்டர் வந்தது. உடற்பயிற்சிக் கூடத்து முதலாளி ஒருவர், மலை போன்ற மனிதர், திடீரென்று போய்விட்டார். சாதாரணப் பெட்டியில் அவருடைய தோள் அடங்காது. பின்கட்டில் அகலப் பெட்டி ஒன்று வருஷக்கணக்காக விலைபோகாமல் கிடந்தது. துணி தைத்து உடனே அனுப்ப வேண்டும். சின்னவள் ஊசிப் பெட்டியோடு பின்கட்டுக்கு ஓடினாள். வண்டி டிரைவரும் கூட வந்தான். அண்ணன் போனை எடுக்கவில்லை.

மூடியைத் திறந்தால், உள்ளே ஏற்கெனவே துணி தைத்திருந்தது.

அதுவும் எப்படிப்பட்ட தையல்! ஒரு முடிச்சு நெல்லிக்காய் அளவு, அடுத்த தையல் ஒரு முழம் தள்ளி. இந்த வீட்டில் இப்படித் தைக்க ஒரே ஆளால்தான் முடியும். சின்ன வயசில் அண்ணன் தைத்த துணியை அப்பா தூக்கிப் பிடித்து, “இது தையல் இல்லடா, காயத்துக்குப் போட்ட கட்டு” என்பார். அதற்குப் பிறகு அவன் ஊசியைத் தொட்டதேயில்லை. இப்போது எதற்குத் தொட்டான்? பெட்டியின் அடிப்பக்கமும் மேடிட்டிருந்தது. டிரைவர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

சின்னவள் பிளேடால் துணியைக் கிழித்தாள். மேலே மெல்லிய பஞ்சு மெத்தை. அதை விலக்கினாள். செங்கல் அடுக்கினாற்போல வரிசை வரிசையாகக் கறுப்பு அட்டை, சிவப்பு எழுத்து. ‘ஆழ்ந்த மகிழ்ச்சியுடன்’. ஒவ்வொன்றின் கீழும் அவள் பெயர்.

வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் புத்தகத்தை அத்தனை பிரதிகளாக அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அப்புறம்தான் அது என்ன என்று உறைத்தது. ஊர்க் கடைகளில் ஒரு பிரதிகூட இல்லாமல் போனது எப்படி என்பதும், காலியான முதல் பதிப்பு எங்கே போனது என்பதும். அவளுடைய வாசகக் கூட்டம் மொத்தமும் பின்கட்டில் மூடி போட்டுப் படுத்திருந்தது. அவள் அப்படியே பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்துவிட்டது.

“அக்கா,” என்றான் டிரைவர். “சொல்லக் கூடாதுன்னு முதலாளி எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.”

“நீ ஒண்ணும் சொல்லலையே. நானாத்தானே பார்த்தேன்.”

“அதான். அதை அவருகிட்டயும் சொல்லிடுங்க.” கொஞ்சம் நின்று, தலையைச் சொறிந்தான். “இதுல ஒண்ணு குறையும். வண்டியில கெடக்கு. நாந்தான் எடுத்தேன்.”

“படிச்சியா?”

“கல்லறை வாசல்ல காத்துக் கெடக்கும்போது வேற என்ன வேலை?”

எழுதுகிறவர்கள் புத்தியைப் பாருங்கள். குடி முழுகிப் போயிருக்கிறது, மலை போன்ற மனிதர் வேறு பெட்டிக்குக் காத்திருக்கிறார், இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“அந்தப் பொம்பள கடைசியில மாட்டிக்குவான்னு பார்த்தேன். மாட்டல. ரெண்டு நாள் எனக்குக் கோவம்.” அவன் புத்தகங்களைக் கை நிறைய அள்ளி வெளியே வைக்க ஆரம்பித்தான். “ஆனா அந்த ஒன்பதாவது அத்தியாயம் இருக்கே, முந்தாநாள் பாடியை வண்டியில ஏத்துறப்போ அது ஞாபகம் வந்து தொலைச்சிடுச்சுக்கா. மூக்கைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க, அழற மாதிரி நின்னேன். அவங்க வீட்டு ஆளுங்க வந்து எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போனாங்க.”

சின்னவளுக்கு அழுகை நின்றுவிட்டது. பெட்டிக்குள் போன பிரதிகளில் ஒன்றையாவது ஒருவன் உண்மையாகப் படித்திருக்கிறான், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்திருக்கிறான். அவளுக்கு அது போதும். இல்லை, போதாது. இன்னொருவனும் படித்தாக வேண்டும். அவனைப் படிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

இருவரும் சேர்ந்து பெட்டியைக் காலி செய்தார்கள். அவள் புதுத் துணி தைத்தாள். கை பறந்தது, ஆனால் ஒரு தையல்கூடக் கோணவில்லை. பெட்டி வண்டியேறிப் போனதும் பதிப்பாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஏமாற்றி வாங்கிய பெயர் அவளுக்கு வேண்டாம்.

“எல்லாத்தையும் வாங்கினது எங்க அண்ணன்தான். படிக்கிறதுக்கு இல்ல, ஒளிக்கிறதுக்கு.”

எதிர்முனையில் சிறிது நேரம் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பதிப்பாளர் நிதானமாகக் கேட்டார்: “ரெண்டாம் பதிப்பையும் வாங்குவாரா?”

அவள் போனை வைத்தாள். புத்தகங்களை எல்லாம் முன்கடைக்குக் கொண்டுவந்து அண்ணனின் மேசைமேல் அடுக்கினாள். மேசை நிரம்பி, நாற்காலி நிரம்பி, தரையிலும் அடுக்கினாள். அடுக்கிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அண்ணன் உள்ளே நுழைந்தான். பார்த்தான். முகம் முதலில் வெளுத்தது, பிறகு பழக்கதோஷத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கைகள் கோத்துக்கொண்டன.

“அந்த முகத்தை எங்கிட்ட காட்டாதே,” என்றாள் சின்னவள். “நான் சாகல.”

“எதிர்க்கடைக்காரன் வச்சிருந்ததைக்கூட நாந்தான் ஆள் விட்டு வாங்கினேன். வேற என்ன பண்ணச் சொல்றே? பேர் கெட்டா கடை போச்சு. கடை போனா அம்மாவை யார் பார்க்கறது, உன்னை யார் பார்க்கறது?”

“இத்தனை வாங்கினியே, ஒரு பக்கம் படிச்சியா?”

“அட்டையைப் பார்த்தாலே எனக்குப் படபடன்னு வருது.”

“சரி. ஒரே பேச்சு. ஒன்பதாவது அத்தியாயத்தை மட்டும் இப்ப, இங்கயே, எம்முன்னாடி உக்காந்து படி. படிச்சிட்டும் வேண்டாம்னா, ரெண்டாம் பதிப்பை நானே நிறுத்தறேன். கூட்டத்துக்கும் போகல. இனிமே ஒரு வரி எழுதல. அப்பா மேல சத்தியம்.”

சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷ உழைப்பை எடுத்து, அதைப் படிக்கவே பயப்படுகிற ஒருவன் கையில் கொடுத்துவிட்டாள். அண்ணன் அவளை ஒரு முறை பார்த்தான். குனிந்து, மேசைக் காலுக்கு அடியிலிருந்த பிரதியை உருவினான். மேசை ஆடி, மேலிருந்த அடுக்கு சரிந்தது. அதை அவன் கண்டுகொள்ளவில்லை. ஒரு அடுக்கின்மேல் உட்கார்ந்து, ‘முதலில் நீ’ என்ற பக்கத்தைத் தாண்டி, ஒன்பதாவதைத் தேடி எடுத்தான்.

அண்ணன் படிக்கும்போது உதடு அசையும். அதை வைத்தே அவன் எங்கே இருக்கிறான் என்று சின்னவளால் சொல்ல முடிந்தது. அந்த ஒரு சாவு மட்டும் நாவலில் வருகிறவள் செய்ததில்லை, தானாக வந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்துகிறார்கள். அண்ணன் பேயறைந்தவன் மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறான், யார் பேசினாலும் காதில் ஏறவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் அவள் முன்னால் போய் நிற்கிறான். தலை ஒரு பக்கம் சாய்கிறது. கைகள் கோத்துக்கொள்கின்றன. பெற்ற தாயைப் பார்த்து, கிணற்றுக் குரலில், ‘உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறோம்மா. எங்ககிட்ட மூணு ரகம் இருக்கு. பழகினவங்களுக்குத் தள்ளுபடியும் உண்டு’ என்கிறான். சட்டைப் பையிலிருந்து கடைக் கார்டை எடுத்துக் கொடுக்கிறான். ஒன்றல்ல, இரண்டு. ‘தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க.’ அம்மா அழுது வீங்கிய கண்ணோடு கார்டுகளை வாங்கிக்கொண்டு, ‘நடு ரகமா ஒண்ணு குடுங்க’ என்கிறாள்.

பக்கத்தில் நின்ற மகள் சிரித்துவிடுகிறாள். அப்பா இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அவர்தான், அவரிடம் சொல்ல முடியாதே என்று நினைத்ததும் சிரிப்பு இன்னும் பொங்குகிறது, அழுகையும் அதோடு சேர்ந்து வருகிறது. எதற்கு என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால், அண்ணன் இனி ஜென்மத்துக்கும் ஒரு துக்க வீட்டில் நின்று வாய் திறக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணன் அத்தியாயத்தை முடித்தான். நாலு பக்கம் பின்னால் போய் மறுபடி படித்தான். சின்னவள் அடைத்த பஞ்சு முழுக்க ஒரே மூலையில் குவிந்து கிடந்தது.

“நான்,” என்றான். “அம்மாகிட்ட தள்ளுபடி சொன்னேனா?”

“சொன்னே.”

அவன் தலை குனிந்தது. தோள் குலுங்கியது. அழுகிறான், போயிற்று எல்லாம் என்று சின்னவள் நினைத்தாள். புத்தகமும் போயிற்று, அண்ணன் உறவும் போயிற்று. அப்போது ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவன் புத்தகத்தை முகத்தில் அழுத்திக்கொண்டான். அடங்கவில்லை. உட்கார்ந்திருந்த அடுக்கு சரிந்து, தரையில் மல்லாந்து விழுந்து, அங்கேயே கிடந்து சிரித்தான். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அப்பா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியில் எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்தான். “இதை எங்கிட்ட நேராச் சொல்றதுக்கு என்ன?”

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்பியா?”

அவன் புத்தகத்தை மறுபடி திறந்து ஒரு வரியில் விரலை வைத்தான். “ஆனா ரெண்டு கார்டு எல்லாம் குடுத்திருக்க மாட்டேன். ஒண்ணுதான் குடுத்திருப்பேன். ரெண்டாம் பதிப்புல திருத்திடு.”

சின்னவளுக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கிறவளா? “ரெண்டுதான். திருத்த மாட்டேன்.”

“ஒண்ணு.”

“ரெண்டு.”

அண்ணன் மாடிப்படி அடியில் போய் நின்று அண்ணாந்து கத்தினான். “அம்மா! அப்பா செத்தன்னிக்கு நான் உங்கிட்ட எத்தனை கார்டு குடுத்தேன்?”

மேலே டிவி சத்தம் குறைந்தது.

“ரெண்டு,” என்றாள் அம்மா. “இப்ப எதுக்குடா அது?”

சின்னவள் தலையணையை வைத்துவிட்டு எழுந்தாள். அம்மா அன்று என்ன பேசுகிறோம் என்ற நினைவே இல்லாமல் இருந்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நம்பியிருந்தாள். நாவலிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். படியேறிப் பாதியில் நின்றாள்.

“உனக்குத் தெரியுமா? நான் எதுக்குச் சிரிச்சேன்னு?”

“பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”

“அப்புறம் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல? ஊரே என்னைப் பேசிச்சே!”

“அவன் கடையை நடத்தணுமே,” என்றாள் அம்மா. “நீ தாங்கிக்குவேன்னு தெரியும்.”

சின்னவளுக்குச் சுருக்கென்று குத்தியது. நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. படியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒன்றே ஒன்றைச் சொன்னாள்.

“தாங்கினது போதும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வா. முதல் வரிசையில உக்காரு. நான் அந்த இடத்தைப் படிக்கிறப்போ எல்லார் முன்னாடியும் நீ சிரிக்கணும். சத்தமா.”

“வரேன்,” என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, “நடு ரகம்னு நான் சொன்னதையும் போட்டிருக்கியா?” என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரி நடுங்கியது.

“போட்டிருக்கேன்.”

மேலே டிவி முழுக்க நின்றது. சிரிப்பா, விசும்பலா என்று சின்னவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கீழே இறங்கினாள். அண்ணன் தரையிலிருந்த புத்தகங்களைப் பொறுக்கித் தூசி தட்டி, கண்ணாடி அலமாரியில், பித்தளைக் கைப்பிடிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

“ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் வருவாங்க?” என்று கேட்டான்.

“தெரியல. அரங்கம் பெருசு. எதுக்கு?”

அவன் மேசை டிராயரைத் திறந்து, கடைக் கார்டு கட்டு ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.